மெட்ரோ வந்தும் ஏன் கார் குறையவில்லை? மேடவாக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இது: "மேடவாக்கத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்குச் சோழிங்கநல்லூரில். ஒரு கார் இருக்கிறது, இன்னொன்று வாங்காமல் சமாளிக்க முடியாது போலிருக்கிறது. மேம்பாலம், பறக்கும் ரயில், மெட்ரோ என்று இவ்வளவு கட்டியும் சென்னையில் கார் இல்லாமல் வாழ முடியாது என்ற நிலைமை ஏன்? நகரத் திட்டமிடலால் இதை மாற்ற முடியுமா, இல்லை அதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படுமா?"

மாற்ற முடியும். ஆனால் நாம் பணத்தைக் கொட்டுகிற இடம் ஒன்று, சிக்கல் இருக்கிற இடம் வேறு. பதினாறு வருடமாகத் தெரு வடிவமைப்பிலும் பஸ் வழித்தட வேலையிலும் இருக்கிறேன். நான் பார்த்தவரை ஒரு குடும்பம் கார் வாங்க முடிவு செய்வது வீட்டு வாசலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் 500 மீட்டரிலும், ஸ்டாப்பில் நிற்கும் அந்த அரை மணி நேரத்திலும்தான். ரயில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

என் அம்மாவுக்கு 71 வயது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் 600 மீட்டர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அம்மாவோடு அந்த வழியில் நடந்தேன். முதல் 150 மீட்டருக்கு நடைபாதையே கிடையாது. சாலை ஓரத்தில் கார்கள் நிற்கின்றன, அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிகளுக்குப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். அப்புறம் நடைபாதை ஆரம்பிக்கிறது, சாலையிலிருந்து 32 சென்டிமீட்டர் உயரத்தில். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட நெறிமுறையில் நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. முழங்கால் வலி இருக்கிறவர் 32 சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே பிடிக்க இருந்தது மூடி கழன்ற ஒரு மின்பெட்டி. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கியிருக்கிறார்கள். இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி என்று மொத்தம் பதினேழு முறை. கடைசியில் 30 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க வேண்டும். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு 20 நொடி எரிந்தது. அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறார், அவருக்கு 38 நொடி வேண்டும். நட்ட நடுவில் நிற்கும்போது சிவப்பு விழுந்துவிட்டது, அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் ஒரே சமயத்தில் உறுமிக்கொண்டு கிளம்பின.

அரசு சாதாரண பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணம் கிடையாது. அப்படியும் அவர் 80 ரூபாய் கொடுத்து ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தார். "பஸ்ல ஏறிட்டா ஒரு கவலையும் இல்லப்பா, பஸ்ஸு வரைக்கும் போறதுதான் பயமா இருக்கு" என்றார். ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வழியிருக்கிற குடும்பத்தில் இது நடக்கிறது. இன்னும் கொஞ்சம் வசதி வந்தால் அதே பயம் ஒரு காராக வாசலில் வந்து நிற்கும்.

சென்னை எப்போதும் இப்படி இருந்த ஊர் இல்லை. இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடியது இங்கேதான், 1895-இல். 1953 வரை ஓடியது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. 1970-இல் சென்னையின் பயணங்களில் சுமார் 42 சதவீதம் பஸ்ஸில், 12 சதவீதம் ரயிலில், 20 சதவீதம் சைக்கிளில். டூ வீலர் 2 சதவீதம்கூட இல்லை. 2008-இல் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில் பஸ் 26, ரயில் 5, சைக்கிள் 6 என்று இறங்கிவிட்டது. டூ வீலர் 25-க்கு ஏறியிருந்தது. நடந்து போகிறவர்கள் 28 சதவீதம். காரும் டாக்ஸியும் சேர்ந்து வெறும் 6.

இந்தக் கணக்கில் நான் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறேன். நடப்பவர்கள் 28 பேர், காரில் போகிறவர்கள் 6 பேர். ஆனால் சாலையின் அகலத்தை யாருக்காக வெட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெரியும். அடுத்தது, நம் ஊரில் கார் மோகம் காரிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பஸ்ஸுக்கு நின்று சலித்தவர் முதலில் டூ வீலர் வாங்குகிறார். கல்யாணம், குழந்தை, மழையில் நனைந்த ஒரு நாள், ஒரு சின்ன விபத்து, அப்புறம் அவரே கார் வாங்குகிறார். அவரைப் பஸ்ஸிலேயே தக்கவைப்பது சுலபம், செலவும் குறைவு. கார் கடன் கட்ட ஆரம்பித்த பிறகு அவரைத் திருப்பிக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம்.

மேம்பாலங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெமினி மேம்பாலம் 1973-இல் திறந்தது. அதிலிருந்து எத்தனையோ கட்டிவிட்டோம். ஒரு சாலை அகலமானதும் முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர் "இப்போ ரோடு ஃப்ரீயா இருக்கே" என்று கார் எடுக்கிறார். நெரிசலுக்குப் பயந்து ஏழு மணிக்குக் கிளம்பியவர் எட்டரைக்குக் கிளம்புகிறார். பத்து கிலோமீட்டர் தள்ளி வீடு பார்த்தவர் 25 கிலோமீட்டர் தள்ளி வாங்குகிறார். இரண்டு மூன்று வருடத்தில் அந்த அகலமும் நிறைந்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் சேவைச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன் வரும் அளவுக்கு விரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. 26 லேனில் தீராதது ஆறு லேனில் தீராது.

ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை இதற்கு நம் வீட்டு உதாரணம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர், ஆறு லேன் சாலை 2008-இல் தயாரானது. அதன் இருபுறமும் ஐ.டி. கட்டடங்கள், மதில் சுவர் வைத்த அடுக்குமாடிகள். ஒவ்வொன்றுக்கும் பிரதான சாலையில் ஒரே ஒரு கேட். பக்கத்து வளாகத்தில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போகக்கூட உள்ளே சுற்றி, வெளியே வந்து, சாலையில் ஏறி, யூ டர்ன் போட வேண்டும். நடந்தால் 200 மீட்டர் தூரம், வண்டியில் ஒன்றரை கிலோமீட்டர். இந்த அமைப்பில் வாழ்கிறவர் கார் வாங்கினால் அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஊரையே அப்படிக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மெட்ரோ இப்போதுதான் அங்கே கட்டப்படுகிறது. சாலை வந்து, கட்டடம் வந்து, கார் வந்து, எல்லோருக்கும் பழகிப்போன பிறகு ரயில் வருகிறது. முதலில் ரயில், அதன் நிலையத்தைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் வீடும் வேலையும் என்று இருந்திருக்க வேண்டும்.

ரயில் மட்டும் போதாது என்பதைப் பறக்கும் ரயில் நமக்கு முன்பே சொல்லிக்கொடுத்தது. 1995-இல் பீச்சிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கிக் கட்டியது; கால்வாய்க்குச் செய்த அந்தக் கெடுதல் தனிக்கதை. அடையாறு, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று நெரிசலான பகுதிகள் வழியாகப் போகிற ரயில் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஆனால் பல நிலையங்களில் கால் வைத்தால் கோட்டைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்: பிரம்மாண்டமான காலிக் கூடம், இருட்டு, படிக்கட்டு, வெளியே வந்தால் பஸ்ஸும் இல்லை, நடைபாதையும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் அங்கே தனியாக இறங்கத் தயங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. நிலையத்தின் வாசலோடு ரயில்காரர்கள் பொறுப்பு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே இருக்கும் தெரு வேறு துறை, பஸ் இன்னொரு துறை, போக்குவரத்து சிக்னல் மற்றொரு துறை.

இந்தத் துறைகளையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். அது உண்மையில் வேலையைத் தொடங்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 2025-இல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல ஆரம்பம். ஆனால் டிக்கெட்டை இணைத்த மாதிரி நேரத்தையும் இடத்தையும் இணைக்க வேண்டும். ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு வெளியே பஸ் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட வழி வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் தயாராகவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கிய குடும்பங்கள் டாக்ஸியோடு பேரம் பேசிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். நேர்மாறான உதாரணம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை. மழையோ வெயிலோ, மூட்டை முடிச்சோடு நேராக நடந்து போய்விடலாம்.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மெட்ரோவில் ஒரு நாளைக்குச் சுமார் 3 லட்சம் பேர் போகிறார்கள். மாநகர பஸ்களில் 30 லட்சத்துக்கு மேல். நகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பஸ்தான். லட்சம் பேருக்கு 40 முதல் 60 பஸ் வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் சொல்லும் அளவு. சென்னையின் மக்கள்தொகை ஒரு கோடி என்று வைத்தால் குறைந்தது 4,000, சரியாகச் சொன்னால் 6,000 வேண்டும். நம்மிடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை, அது வேண்டும். ஆனால் ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டாலும் 3,000 பஸ்ஸுக்கு 4,500 கோடிதான் ஆகிறது. ஓட்டுநர், நடத்துநர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் வருடா வருடம் வரும், அதையும் மறைக்க வேண்டாம். அப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஊரிலிருக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

காத்திருக்கும் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் யாரும் நேர அட்டவணை பார்ப்பதில்லை, ஸ்டாப்புக்குப் போய் நிற்கிறார்கள், பஸ் வருகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் அன்றைய நாளையே அந்தப் பஸ்ஸைச் சுற்றித் திட்டமிட வேண்டும். அது வராமல் போனால் அரை நாள் சம்பளம் போகும். ஷேர் ஆட்டோ ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். இடுக்கி உட்கார வேண்டும், பாதுகாப்பும் குறைவு, அப்படியும் மக்கள் ஏறுகிறார்கள். கை காட்டினால் நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் அடுத்தது வருகிறது. மக்கள் கேட்பது என்ன என்று ஷேர் ஆட்டோ நமக்குத் தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது.

பஸ் எண்ணிக்கை கூடினாலும் அது கார்களுக்கு நடுவில் சிக்கி நின்றால் பிரயோஜனமில்லை. ஒரே ஒரு லேனில் கார்களை மட்டும் விட்டால் மணிக்கு அதிகபட்சம் 1,600 பேர்தான் போக முடியும். அதே லேனைப் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000-இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தட பஸ் சேவை இதை உலகத்துக்கே செய்து காட்டியது. டெல்லியில் 2008-இல் முயன்று 2016-இல் அந்தத் தடத்தையே பிரித்தெடுத்தார்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. காரில் மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்குப் பக்கத்து பஸ் லேன் காலியாகத் தெரியும். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை அறுபது பேரோடு அதில் ஒரு பஸ் கடந்து போகிறது. அவர் பார்வையில் காலிச் சாலை, கணக்கில் பார்த்தால் ஊரிலேயே அதிகம் பேர் போகும் சாலை. அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் ஒரு லேனைப் பஸ்ஸுக்குத் தர வேண்டும். தடுப்பு வைத்துத் தர வேண்டும். பெயின்ட் அடித்தால் மட்டும் நிற்காது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்ததே, அதைச் செலவுத் திட்டமாக மட்டும் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று வந்தது. அதைவிட எனக்கு முக்கியம், பெண்களின் பயணம் எப்படிப்பட்டது என்பது அதன் பிறகு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆண்களின் பயணம் பெரும்பாலும் வீடு, ஆபீஸ், வீடு. பெண்கள் குழந்தையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, மாமியாருக்கு மருந்து வாங்கி, வேலைக்குப் போய், திரும்பும் வழியில் டியூஷனில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஐந்தாறு சின்னப் பயணங்கள், பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டருக்குள். நம் பஸ் வழித்தடங்களோ காலையில் ஊரின் விளிம்பிலிருந்து மையத்துக்குப் போகிறவரை நினைத்துப் போட்டவை. பத்து மணிக்கு மேல் உள்தெருப் பகுதிகளில் பஸ்ஸே கண்ணில் படாது. 2013-இல் வந்த சிற்றுந்துகள் சரியான யோசனை. அந்த யோசனையை ஒவ்வொரு பகுதிக்கும் கொண்டுபோயிருந்தால் இன்று பல வீடுகளில் இரண்டாவது வண்டி இருந்திருக்காது.

அடுத்து பார்க்கிங். இதைப் பேசினாலே கோபம் வரும், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும், கிட்டத்தட்ட 135 சதுர அடி. ரங்கநாதன் தெருப் பக்கம் 135 சதுர அடிக் கடைக்கு என்ன வாடகை, என்ன அட்வான்ஸ் என்று விசாரித்துப் பாருங்கள். அதே அளவு இடத்தைச் சாலையில் ஒரு காருக்கு நாள் முழுக்க இலவசமாகவோ பத்து இருபது ரூபாய்க்கோ கொடுக்கிறோம். அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரர் நின்றால் ஆக்கிரமிப்பு என்று அப்புறப்படுத்துகிறோம். அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது, காரோ ஆளில்லாமல் எட்டு மணி நேரம் நிற்கிறது.

டோக்கியோவில் கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்த உங்களுக்கென்று தெருவுக்கு வெளியே இடம் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அந்தச் சட்டம் 1962-இல் வந்தது. ராத்திரி முழுக்கத் தெருவில் வண்டியை விடவும் முடியாது. அங்கே சின்னத் தெருக்களில் நடைபாதை என்று தனியாக ஒன்றும் இருக்காது, ஆனாலும் ஆறு வயதுக் குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடக்கிறது. தெருவில் நிற்கும் கார்கள் இல்லாததால் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படுகிறது. நம் அடுக்குமாடி விதிகளில் சிக்கல் வேறு விதமானது. இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்கிறோம். கட்டுகிறவர் தரைத்தளம் முழுவதையும் பார்க்கிங்குக்கு விடுகிறார், அந்தச் செலவு கார் இல்லாதவர் வாங்கும் வீட்டு விலையிலும் கலந்துவிடுகிறது. தெருவைப் பார்த்துக் கடை, கிளினிக், டியூஷன் என்று இருக்க வேண்டிய தரைத்தளம் இருட்டான தூண்களாகிவிடுகிறது, அந்தத் தெருவில் நடக்கவும் பிடிப்பதில்லை. மெக்சிகோ நகரம் 2017-இல் இந்தக் குறைந்தபட்ச விதியை நீக்கிவிட்டு, இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. நம் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி 500 மீட்டருக்காவது இதைச் செய்ய வேண்டும்.

சிங்கப்பூரைப் பலர் உதாரணம் சொல்வார்கள், அங்கே சொந்தக்காரர்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் அங்கே என்ன வரிசையில் செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 1975 ஜூனில், காலையில் நகர மையத்துக்குள் வரும் காருக்கு நாளொன்றுக்கு 3 டாலர் கட்டணம் வைத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வந்தால் இலவசம். அப்போது அவர்களிடம் மெட்ரோவே கிடையாது. அது 1987-இல்தான் ஓடியது. பஸ்ஸை மட்டும் வைத்து ஆரம்பித்தார்கள். 1990-இலிருந்து கார் வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில்தான் எடுக்க வேண்டும், பத்து வருடத்துக்கு. 2018-இலிருந்து கார் எண்ணிக்கை கூடவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இந்தக் கடுமையான விதிகளை நம் ஊரில் அப்படியே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் பஸ்ஸைக் கூட்டிக் காட்டாமல் கட்டணம் போட்டால் மக்கள் கொதிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள நினைப்பது கூரை. மெட்ரோ நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்கு நடக்கிற வழிகளுக்குக் கூரை போடும் திட்டத்தை 2013-இல் ஆரம்பித்து 200 கிலோமீட்டர் கட்டினார்கள்.

"நம்ம வெயில்ல யார் சார் நடப்பாங்க?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்பார். கேள்வி நியாயமானதுதான். மே மாதம் மதியம் வேளச்சேரி பிரதான சாலையில் நானும் நடக்க மாட்டேன். ஆனால் அதே மே மாதம் மரங்கள் கூடி நிற்கும் பெசன்ட் நகர், அண்ணா நகர் உள்தெருக்களில் மதியம் இரண்டு மணிக்கும் ஆட்கள் நடக்கிறார்கள். வேம்பு, புங்கை, பூவரசு நிழலுக்கும் வெறும் தார்ச்சாலைக்கும் உள்ள வித்தியாசம் செருப்புக்குள்ளேயே தெரியும். சாலையை விரிக்கும்போது முதலில் வெட்டுவது மரத்தைத்தான். அதன் பிறகு வெயிலைக் காரணம் காட்டி நடைபாதை வேண்டாம் என்கிறோம்.

வெளிநாட்டுக்குத்தான் சரிப்படுமா என்று கேட்டீர்கள். பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்கள். 2019 நவம்பரில் தியாகராய சாலையில் வண்டிகளுக்கு இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்கு விரித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் தற்காலிகத் தடுப்பு வைத்துச் சோதனை செய்து பார்த்தார்கள். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். இன்று சாயங்காலம் அங்கே தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், சக்கர நாற்காலியில் வந்து துணி எடுக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படி ஏற்றுக்கொண்ட முதல் நகரம் இது. அந்தத் தாளில் இருப்பதைச் செய்தாலே போதும், புதிதாக யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் போனால் நம் கோயில் ஊர்களின் அமைப்பே இதுதான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, மாசி, வெளி என்று அடுக்கடுக்காகத் தெருக்கள். சித்திரை வீதிகளில் இன்று வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிக் குடியிருக்கிறவருக்குக் காய்கறி, பூ, மருந்து, பள்ளி, டாக்டர் எல்லாம் பத்து நிமிட நடையில். அந்த ஊரை இன்று நாசம் செய்வது அதன் வழியாகக் குறுக்கே புகுந்து போகும் வண்டிகள்தான். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1977-இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி அடைத்தார்கள். வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் நடையும் பஸ்ஸும் நேராகப் போகலாம். காருக்குத் தடை இல்லை, எந்த வீட்டுக்கும் கார் போகும், ஆனால் குறுக்கு வழி கிடையாது. செலவு சில தடுப்புக் கற்களும் பலகைகளும்தான். இதை நாளைக்கே மயிலாப்பூரில் செய்து பார்க்கலாம் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மின்சாரக் கார் வந்தால் சரியாகிவிடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். புகை குறையும், அது நல்லது. இடம் குறையாது. அதுவும் அதே 135 சதுர அடிதான்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெட்ரோவின் மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதை மேடவாக்கம் வழியாகவே போகிறது. அது முடிந்தால் உங்கள் வேலைக்கான பயணம் ஒரே ரயிலில் முடிந்துவிடும். அதுவரைக்கும் கணவருக்கு வேளச்சேரி வழியாகக் கிண்டிக்கு பஸ் இருக்கிறது. இரண்டு பேரில் சுலபமாகக் காரை விடக்கூடியவர் அவர்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது காருக்கு 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை மட்டும் 14,500 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. அந்தப் பணத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். பஸ் பாஸ், மழை நாளில் டாக்ஸி, அவசரத்துக்கு ஆட்டோ எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுங்கள். ஆறு மாதம் கழித்து மிச்சம் எவ்வளவு, எத்தனை நாள் உண்மையிலேயே திண்டாடினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். திண்டாட்டம்தான் அதிகம் என்றால் வாங்குங்கள், அதில் தப்பே இல்லை.

அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து ஸ்டாப் வரை நடங்கள். நடைபாதை எத்தனை சென்டிமீட்டர் உயரம், எங்கே அறுந்து போகிறது, எங்கே நிழல் இல்லை, சாலையைக் கடக்க எத்தனை நொடி கிடைக்கிறது என்று குறித்து, படம் எடுத்து, உங்கள் பகுதி ஊராட்சியில் இருந்தால் கிராம சபையில், மாநகராட்சிக்குள் என்றால் ஏரியா சபையில் எழுத்தில் கொடுங்கள். "நடைபாதை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் மனு கோப்பில் தூங்கும். "இந்த வீட்டு எண்ணிலிருந்து அந்தக் கடை வரை 32 சென்டிமீட்டர், நெறிமுறை 15" என்று கொடுத்தால் ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். எங்கள் பகுதியில் நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு நான்கு மாதம் கழித்துப் பலன் கிடைத்தது. சிக்னலில் நடப்பவர்களுக்கான பச்சையை 20 நொடியிலிருந்து 40 நொடியாக்கினார்கள். ஒருவர் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றினார், பத்து நிமிட வேலை. நடைபாதை உயரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டாவது மனு போட்டிருக்கிறோம்.